மலைக்கு இரண்டு மழைக்காலம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

நம் கல்லூரியில் கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளிலிருந்து வந்து பயிலும் நண்பர்களிடம், “உங்கள் ஊரில் மழைக்காலம் எது?” என்று கேட்டால், ஆனியும் ஆடியும் என்பார்கள். குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பக்கத்திலிருந்து வரும் எங்களைக் கேட்டால் ஐப்பசியும் கார்த்திகையும் என்போம். இரு சாராரும் ஒரே நீலகிரி மாவட்டத்தவர். ஒரே மலையின் இரு பக்கங்களில் குடியிருப்பவர்கள். விடுதியில் இது பற்றி வாதம் எழும்போது இரு தரப்பும் விட்டுக்கொடுப்பதில்லை. விட்டுக்கொடுக்க வேண்டியதும் இல்லை; ஏனெனில் இருவர் சொல்வதும் உண்மையே. அது எவ்வாறு உண்மையாகிறது என்பதையும், கீழைச் சரிவில் வாழும் எங்களுக்கு அது ஏன் வெறும் பாடச் செய்தியாக மட்டும் இல்லை என்பதையும் இங்குக் கூற விழைகிறேன்.

நம் முன்னோர் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தனர் என்பது யாவரும் அறிந்ததே. ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். மார்கழியும் தையும் முன்பனி. மேலைநாட்டார் இலையுதிர்காலம் என்று சொல்லும் மாதங்களில்தான் நமக்குக் கூதிர் வருகிறது. எங்கள் மலையில் அப்போது இலை உதிர்வதில்லை. தேயிலை என்றும் பச்சைதான். உதிர்வது மண்.

காற்றுக்கும் நம்மவர் திசைக்கு ஒரு பெயர் வைத்தனர். தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, மேற்கிலிருந்து வருவது கோடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல். இதில் கொண்டல் என்ற சொல்லுக்கு மேகம் என்றும் ஒரு பொருள் உண்டு. தமிழ் வகுப்பில் இதைக் கேட்ட அன்று, கீழ்க்காற்றுக்கும் மேகத்துக்கும் ஒரே பெயரை வைத்தவர் எங்கள் லயன் வீட்டு வாசலில் நின்றுதான் வைத்திருப்பார் என்று எண்ணிக்கொண்டேன். ஐப்பசியில் மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து காற்று எழும்பினால், சற்று நேரத்தில் பள்ளத்தாக்கு முழுவதும் வெள்ளையாகிவிடும். காற்று வந்தது, மேகம் வந்தது என்று அங்கே இரண்டாகப் பிரித்துச் சொல்ல முடியாது.

இனி இயற்பியலுக்கு வருவோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து மலையின் மேற்கு முகத்தில் மோதுகிறது. தேவாலா, கூடலூர், அவலாஞ்சி, அப்பர் பவானி ஆகிய இடங்கள் நனைவது அதனால்தான். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவையும் அதையொட்டிய முகடுகளையும் தாண்டி அக்காற்று எங்கள் பக்கம் வரும்போது, சுமையை இறக்கிவைத்துவிட்டு வருகிற ஆளைப்போல வருகிறது. மேலும், அது இங்கே கீழ்நோக்கி இறங்குகிறது. இறங்கும் காற்று அழுந்திச் சூடாகும். சூடானால் மேகம் கரையும். ஆகவே ஆடியில் எங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் சாரலும், கூரைத் தகரத்தைத் தூக்கும் காற்றும்தான்.

ஐப்பசியில் எல்லாம் தலைகீழாகிறது. வடகிழக்குப் பருவக்காற்று வங்காள விரிகுடாவிலிருந்து புறப்பட்டுச் சமவெளியைக் கடந்து வருகிறது. வழியில் அதைத் தடுக்கப் பெரிய தடை அதிகமில்லை. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர். நேர்க்கோட்டில் பார்த்தால் இடையே உள்ள தூரம் பதினைந்து கிலோமீட்டர்தான் இருக்கும். 1899-இல் குன்னூர் வரை வந்த நம் மலை இரயில், கல்லாற்றிலிருந்து இந்த ஏற்றத்தை ஏறப் பல்சக்கரத்தின் துணையை நாடுகிறது. காற்றுக்கு அந்த வசதி இல்லை. பின்னாலிருந்து தள்ளும் காற்றின் வேகத்தில் அது ஏறியே தீரவேண்டும்.

ஏறும் காற்று விரிவடைந்து குளிர்கிறது. மேகம் உண்டாகும் வரை ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் குறையும். மேகம் உண்டான பிறகு நீராவி நீராகும்போது வெளிவிடும் வெப்பத்தால் குறைவு சற்று மட்டுப்படும். 25 பாகை வெப்பத்தில் ஒரு கனமீட்டர் இடத்தில் சுமார் 23 கிராம் நீராவி தங்கலாம். 15 பாகையில் சுமார் 13 கிராம்தான் தங்கும். மீதி என்னவாகும்? எங்கள் தலையில் விழும்.

மழை எல்லாம் ஒரே தன்மையதன்று என்பதையும் இங்குச் சொல்ல வேண்டும். புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசி முதலிலும் காலையில் நல்ல வெயில் அடிக்கும். பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் மேகம் கோபுரம்போல எழும். மூன்று மணிக்கு இடி. நான்கு மணிக்குக் கொட்டும் மழை. ஆறு மணிக்கு நட்சத்திரம். இது தரை சூடாகி எழுகின்ற மழை. வெயில் சாய்ந்ததும் அதன் சரக்குத் தீர்ந்துவிடும். அக்டோபர் 20-ஆம் தேதியை ஒட்டிப் பருவமழை தொடங்கியபின் வருவது வேறு மழை. இடி அபூர்வம். வானம் சாம்பல் நிறமாய்த் தாழ்ந்து நிற்கும். காற்று வீசும் வரை மழையும் பெய்யும். கடலிலிருந்து ஈரம் வந்துகொண்டே இருப்பதால் அதற்குச் சரக்குத் தீர்வது என்பது இல்லை. இரவு பகல் வேறுபாடும் அதிகம் பார்க்காது.

என் அம்மா தேயிலை பறிக்கும் தொழிலாளி. ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளி செல்லாதவர். இவ்விரு மழைகளையும் அவர் ஒரே வாக்கியத்தில் பிரித்துவிடுவார்: “இடிச்சுப் பெய்யுற மழை பேசிட்டுப் போயிரும். பேசாமப் பெய்யுற மழையைத்தான் நம்பக் கூடாது.” வெப்பச்சலன மழை, மலைத்தடுப்பு மழை என்று நான் இரண்டு ஆண்டுகளாகப் படித்துக் கற்ற பாகுபாடு இதுதான். இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, தலையில் பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு நனைந்தவர்கள் அறிந்ததை நாம் பெயரிட்டு எழுதுகிறோம், அவ்வளவே.

இந்த மாதங்களில் எங்கள் வீடுகளில் துணி உலராது. விறகு புகையும், தீப்பெட்டி நமுத்துப்போகும். மிஸ்டு இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் வருபவர் தெரியமாட்டார். ஈரமும் மூடுபனியும் சேர்ந்தால் தேயிலைக் கொழுந்தில் கொப்புள நோய் பரவும். சிறு விவசாயிகள் கொண்டுசெல்லும் இலையின் எடையில் ஈரத்துக்கென்று ஒரு கழிவும் உண்டு. என் அப்பா காய்கறி மூட்டை ஏற்றுபவர். கேரட்டும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் வழியில், பர்லியார் பக்கம் மண் விழுந்து சாலை அடைபட்டால் லாரிகள் கோத்தகிரி வழியே சுற்றிப் போகவேண்டும். கோத்தகிரிச் சாலையும் அடைபட்டால் அன்று கூலி இல்லை. “ரோடு போச்சு” என்ற இரண்டு சொற்களுக்கு எங்கள் வீட்டில் இவ்வளவு பொருள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த செய்தி. 2009-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் கேத்தியில் பதிவான மழை 82 சென்டிமீட்டர். தமிழ்நாடு முழுமைக்கும் வடகிழக்குப் பருவத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதங்களில், சராசரியாகப் பெய்யும் மழையே சுமார் 44 சென்டிமீட்டர்தான். அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு ஒரே நாளில் ஒரு பள்ளத்தாக்கில் இறங்கியது. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுரமீட்டருக்கு ஒரு லிட்டர் நீர். அப்படியானால் 82 சென்டிமீட்டர் மழையில் ஒரு சென்ட் நிலத்தின்மேல் விழுந்தது ஏறத்தாழ 33,000 லிட்டர். ஏக்கருக்கு 33 இலட்சம் லிட்டர். அந்நாட்களில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பகுதிகளில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர், பலர் உறங்கும்போதே. அப்போது எனக்கு விவரம் தெரியாத வயது. எங்கள் வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்ததாகவும், நான் பாட்டியின் சேலைக்குள்ளேயே கிடந்ததாகவும் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இதில் மாணவர்களாகிய நாம் கவனிக்கத்தக்க ஒரு புதிர் உள்ளது. அந்த நேரத்தில் புயற்சின்னம் இருந்தது வங்கக்கடலில் அன்று. பின்னர் ‘பியான்’ என்று பெயர் பெற்று நவம்பர் 11-ஆம் தேதி மகாராஷ்டிரக் கரையைக் கடந்த அப்புயல், மலைக்கு மேற்கே அரபிக்கடலில் உருவாகி வடக்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. மேற்கே புயல் இருக்கக் கிழக்குச் சரிவில் வெள்ளம் எப்படி வந்தது? விடை எளிது. பூமியின் வடபாதியில் தாழ்வழுத்த மையத்தைச் சுற்றிக் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். ஆகவே மையத்துக்கு வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள இடங்களில் காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் பாயும். அரபிக்கடலில் இருந்துகொண்டே அது வங்கக்கடலின் ஈரத்தைத் தன்பக்கம் இழுத்தது. இடையே குறுக்கே நின்றது எங்கள் மலை. கேத்தியோ தொட்டபெட்டாவுக்குக் கீழ்ப்புறத்தில், பின்னால் சுவர்போல் மலை எழும் பள்ளத்தாக்கு. புயல் எந்தக் கடலில் என்று பார்ப்பதைவிடக் காற்று எந்தத் திசையிலிருந்து மலைமேல் ஏறுகிறது என்று பார்ப்பதே எங்களுக்கு உதவும். “புயல் அந்தப் பக்கம் போய்விட்டது” என்று வானொலியில் கேட்டுவிட்டு நிம்மதியாகப் படுப்பது கீழைச் சரிவில் சரியான கணக்கு ஆகாது.

மேற்குப் பக்கத்து நண்பர்கள் கோபிக்க வேண்டாம். 2019-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் மழை பதிவாகிக் கேத்தியின் எண்ணை முறியடித்துவிட்டது. அவலாஞ்சிக்கும் கேத்திக்கும் இடையே வானில் பறந்தால் இருபது கிலோமீட்டர்தான் இருக்கும். ஒன்று ஆடியில் நிறைந்தது. மற்றொன்று ஐப்பசியில் நிறைந்தது. விடுதி வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஆனால் மழை அளவு மட்டும் உயிரைக் கொள்வதில்லை. அதன்கீழ் இருக்கும் மண்ணையும் பார்க்கவேண்டும். நீலகிரியின் அடிப்பாறை சார்னோகைட் என்னும் கடினப்பாறை. அது பல்லாயிரம் ஆண்டுகளாக உளுத்து, மேலே பல மீட்டர் ஆழத்துக்குச் செம்மண் போர்வையாகக் கிடக்கிறது. இடையிடையே உளுக்காத பெரிய உருண்டைப் பாறைகளும் புதைந்துள்ளன. முதலாண்டு ஆய்வகத்தில் சாய்தளத்தின்மேல் மரக்கட்டையை வைத்து, எந்தக் கோணத்தில் நழுவுகிறது என்று அளந்தோம் அல்லவா? கட்டையைப் பிடித்துவைத்திருப்பது உராய்வு. உராய்வோ கட்டை தளத்தை அழுத்தும் விசையைப் பொறுத்தது. மலைச்சரிவிலும் அதே கணக்குதான். மண்ணின் துளைகளில் நீர் நிறைந்துவிட்டால் அந்நீரின் அழுத்தம் மண் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கித் தாங்கத் தொடங்கும். அழுத்தும் விசை குறையும், உராய்வு குறையும். எடையோ நீரால் கூடியிருக்கும். அப்புறம் சரிவதற்கு இடி தேவையில்லை, பூகம்பம் தேவையில்லை.

இதனால்தான் முதல் நாள் மழையைவிட ஐந்தாம் நாள் மழை கொடியது. புரட்டாசியில் காய்ந்திருந்த மண் நூறு மில்லிமீட்டரைக் குடித்துவிட்டுச் சும்மா இருக்கும். கார்த்திகையில் ஊறிய மண்ணுக்கு அதில் பாதியே போதும். 1978, 1979, 1993, 2009 ஆகிய ஆண்டுகளில் குன்னூர்ப் பகுதியைக் கலங்கடித்த பெரும் சரிவுகள் கூதிர்காலத்தில் நேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1993 நவம்பரில் மரப்பாலத்தில் சாலையே அடித்துச் செல்லப்பட்டது. சரிவின் அடிவாரத்தை வீடு கட்டவும் சாலை அகலப்படுத்தவும் பொக்லைன் வைத்து நேராக வெட்டி எடுக்கும்போது, ஆய்வகத்துச் சாய்தளத்தை நாமே நிமிர்த்துகிறோம். வேர் ஆழ்ந்த சோலை மரங்கள் இருந்த இடத்தில் ஒரு சாண் ஆழம் வேர்விடும் காய்கறி நிற்கும்போது பிடிமானமும் போகிறது. ஓடைகளை மூடி வீடு கட்டினால் நீர் போக வழியின்றி மண்ணுக்குள் இறங்குகிறது. என் கருத்தில் கடைசியாகச் சொன்னதே எல்லாவற்றினும் பெரிய தவறு.

அடிவாரமும் இதற்கு விலக்கன்று. 2019 டிசம்பர் 2-ஆம் தேதி அதிகாலையில், தொடர்மழைக்குப் பின் மேட்டுப்பாளையம் நடூரில் உயரமான கருங்கல் சுற்றுச்சுவர் ஒன்று ஓட்டு வீடுகளின்மேல் சாய்ந்து 17 பேர் இறந்தனர். ஈரமண் ஒரு சுவரின் பின்னால் தேங்கினால் அது பக்கவாட்டில் தள்ளும் விசை மிகப் பெரிது. தடுப்புச்சுவர்களில் நீர் வடியத் துளைகள் விடுவது அழகுக்காக அன்று. பல சுவர்களில் அத்துளைகள் இலையாலும் சேற்றாலும் அடைந்து கிடப்பதை நீங்கள் கல்லூரிக்கு வரும் வழியிலேயே பார்க்கலாம். என் அப்பா ஒவ்வொரு புரட்டாசியிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டின் பின்புறச் சாக்கடைக் கால்வாயை வெட்டிச் சீராக்குவார். இரும்புக் கம்பியால் சுவர்த்துளைகளைக் குத்திவிடுவார்.

வானிலை எச்சரிக்கையை எப்படிப் படிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.5 முதல் அதிகனமழை. இதற்கேற்ப மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறங்களை மாவட்டவாரியாக அறிவிக்கிறார்கள். “நீலகிரிக்கு ஆரஞ்சு” என்ற அதே அறிவிப்பு ஜூலையில் வந்தால் கூடலூர், அவலாஞ்சிப் பக்கத்தவர் விழித்திருக்க வேண்டும்; நவம்பரில் வந்தால் நாங்கள் விழித்திருக்க வேண்டும். மறுநாள் வெளியாகும் மழை அளவுப் பட்டியலிலும் மாவட்டச் சராசரியைப் பார்த்துப் பயனில்லை. குன்னூர், கேத்தி, கோத்தகிரி, பர்லியார் என்று தனித்தனியே உள்ள எண்களைப் பார்க்க வேண்டும்.

பட்டியலில் எங்கள் வரிசை வீடுகள் இல்லை. ஆகவே சென்ற ஆண்டு முதல் நானே ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள, நேரான ஒரு தகர டப்பா, ஓர் அடிக்கோல். வாயின் அளவு எதுவாயினும் உள்ளே நிற்கும் நீரின் உயரமே மழையின் அளவு என்பதால் வேறு கணக்கு வேண்டாம். மரத்திலிருந்தும் கூரையிலிருந்தும் தள்ளி, தரையில் தெறிக்கும் நீர் விழாத உயரத்தில் வைக்கவேண்டும். வானிலைத் துறையினர் பார்க்கும் காலை 8.30 மணிக்கே நானும் பார்க்கிறேன். கல்லூரி நாட்களில் அம்மாவுக்கு விடுப்பு இருந்தால் அம்மா பார்க்கிறார். தினசரிக் காலண்டர் தாளில் அன்றைய எண்ணையும், அதன்கீழ் முன் மூன்று நாட்களின் கூட்டுத்தொகையையும் எழுதுகிறோம். இரண்டாவது எண்தான் முக்கியம். ஐப்பசியில் தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள், “பாப்பா, மூணு நாள் கணக்கு எவ்வளவு ஆச்சு?” என்று கேட்கும் அளவுக்கு அது பழகிவிட்டது.

எண்ணோடு கண்ணும் வேண்டும். வாசலிலோ மேட்டிலோ புதிய வெடிப்பு ஓடினால், நேராக நின்ற கம்பமோ மரமோ சாய்ந்தால், நேற்று வரை மூடிய கதவு இன்று சட்டத்தில் பிடித்துக்கொண்டால், தெளிவாக வந்த ஊற்று கலங்கி வந்தால், மழை பெய்யும்போதே ஓடையில் நீர் திடீரெனக் குறைந்தால், இரவானாலும் வெளியேற வேண்டும். கடைசியாகச் சொன்னது பலருக்கு வியப்பாயிருக்கும். நீர் குறைந்தது என்றால் மேலே எங்கோ மண் விழுந்து அதை அடைத்திருக்கிறது என்று பொருள். அந்த அணை அதிக நேரம் நிற்காது.

கார்த்திகை முடியும் தறுவாயில் கீழ்க்காற்று இளைக்கும். வானம் கழுவிவிட்டதுபோல் தெளியும். மேகப்போர்வை இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானதாகையால் நீரைப்போல் வழிந்து பள்ளங்களில் தேங்கும். அதனால்தான் உதகைப் பக்கத்துக் காந்தல், தலைகுந்தா போன்ற தாழ்ந்த இடங்களின் புல்வெளியில் உறைபனி வெள்ளையாய்ப் படிந்திருக்க, மேட்டிலுள்ள வீடுகளில் அத்தனை குளிர் தெரிவதில்லை. வெப்பமானி நான்கு அடி உயரத்தில் இரண்டு மூன்று பாகை காட்டும்போதே புல்நுனி உறைநிலைக்குப் போயிருக்கும். உறைபனி பட்ட தேயிலை, வெயில் ஏறியதும் கருகும். பள்ளத்தில் தோட்டம் வைத்திருப்பவர்கள் மாலையிலேயே செடிகளைக் கோரைப்புல்லால் மூடுவார்கள். சிலர் விடியுமுன் நீர் தெளித்துப் பனியைக் கரைப்பார்கள். மழைக்குப் பள்ளத்தாக்கின் சரிவில் இருப்பவர் அஞ்ச, பனிக்கு அதன் அடியில் இருப்பவர் அஞ்சவேண்டியுள்ளது. எங்கள் வீடு சரிவில். ஆகவே முதல் உறைபனி விழுந்த செய்தி வந்ததும், சுவரோரம் கட்டி வைத்திருந்த துணிமூட்டையையும் ரேஷன் கார்டு, சான்றிதழ்கள் அடங்கிய பிளாஸ்டிக் பையையும் அம்மா அவிழ்த்துப் பழைய இடத்தில் வைத்துவிடுவார்.